நெடுந்தூர மலைநடையில் பாம்பு எதிர்ப்பட்டால், விஷமுள்ளதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பார்த்தவுடன் விஷப்பாம்பு என்று சொல்ல ஒரு பொது அடையாளம் உண்டா? எதிரே வந்துவிட்டால் என்ன செய்வது?

முதல் கேள்விக்குப் பதில்: கிடையாது. தலை முக்கோணமாக இருந்தால் விஷம் என்பார்கள். விரியன்களுக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் நாகம், கட்டு விரியன், ஆஸ்திரேலியாவின் பழுப்புப் பாம்பு எல்லாவற்றுக்கும் தலை ஒடுக்கமானது, சாதுப் பாம்பின் தலை மாதிரியே இருக்கும். (கட்டு விரியன் பெயரில்தான் விரியன், இனத்தால் அது நாகத்தின் உறவு.) மறுபக்கம், விஷமற்ற தண்ணீர்ப் பாம்புகள் பல, மிரண்டால் தலையைத் தட்டையாக்கி முக்கோணமாகக் காட்டும். கண்மணி நெடுக்குக் கோடாக இருந்தால் விஷம் என்பது இன்னொரு விதி. மலைப்பாம்புக்கும் பூனைப் பாம்புக்கும் கூட நெடுக்குக் கண்மணிதான், நாகத்துக்கோ வட்டம். அதைவிட, கண்மணி தெரியும் தூரத்தில் நிற்கிறீர்கள் என்றால் ஏற்கெனவே தப்பு செய்துவிட்டீர்கள்.

நிறத்தையும் நம்ப முடியாது. மலபார் குழிவிரியன் ஒரே இனத்துக்குள் பச்சை, பழுப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று வரும். சிவப்பு, மஞ்சள், கறுப்புப் பட்டையுள்ள பவளப் பாம்புக்கு "சிவப்பை மஞ்சள் தொட்டால் ஆபத்து" என்ற ஆங்கிலப் பாட்டு அமெரிக்க ஐக்கிய நாட்டுக்கு மட்டும் எழுதப்பட்டது. தென் அமெரிக்கக் காட்டில் அதை நம்பினால் ஆள் தப்பமாட்டார்.

பொது விதிக்குப் பதிலாக, நீங்கள் நடக்கப்போகும் பாதையின் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அது நினைப்பதைவிடச் சின்னது. சுமார் 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள, அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் கவனிக்க வேண்டியவை இரண்டுதான்: டிம்பர் கிலுகிலுப்பைப் பாம்பு, காப்பர்ஹெட். ஆஸ்திரேலியத் தீவான டாஸ்மேனியாவில் மொத்தமே மூன்று இனம், மூன்றும் விஷமுள்ளவை. அங்கே அடையாளம் காணும் வேலையே இல்லை, விலகி நின்றால் போதும். நியூசிலாந்தை நெடுக்காகக் கடக்கும் தே அராரோவா பாதையில் நிலப்பாம்பே கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பட்டியல் நீளும்: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், ராஜநாகம், பிறகு குழிவிரியன் வகைகள். அந்த ஆறேழு பேரை மட்டும் நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். "இது அந்தப் பட்டியலில் இருக்கிறதா?" என்பது மட்டுமே காட்டில் கேட்க வேண்டிய கேள்வி. தெரியவில்லை என்றால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படிக்கும்போது ஆபத்தான பாம்பையும் அதைப் போலவே தோன்றும் சாதுப் பாம்பையும் சேர்த்தே படிக்க வேண்டும். தனித்தனியாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

காப்பர்ஹெட்டையும் வடக்குத் தண்ணீர்ப் பாம்பையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் பழுப்பு, இரண்டிலும் பட்டை. மேலிருந்து பாருங்கள். காப்பர்ஹெட்டின் பட்டை முதுகின் நடுவில் ஒடுங்கி விலாப்பக்கம் அகலும், உடுக்கையைப் படுக்கப் போட்ட மாதிரி. தண்ணீர்ப் பாம்பில் அப்படியே தலைகீழ்: முதுகில் அகலம், பக்கங்களில் ஒடுக்கம். இதைப் பார்க்க மூன்று மீட்டர் தூரமே போதும்.

கட்டு விரியனோடு குழம்புவது ஓநாய்ப் பாம்பு. கட்டு விரியன் பளபளக்கும் கறுப்பு. மெல்லிய வெள்ளைக் கோடுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாகச் சேர்ந்து இருக்கும். தலையை ஒட்டிய பகுதியில் கோடு மங்கலாகவோ வெறும் புள்ளியாகவோ இருந்து, வாலை நோக்கிப் போகப் போகத் தெளிவாகும். ஓநாய்ப் பாம்பில் கோடுகள் கழுத்துப் பக்கம் அழுத்தமாகத் தொடங்கி வால் பக்கம் மறைந்துபோகும். சந்தேகம் தீர்க்கும் அடையாளம் முதுகின் நடுவரிசைச் செதில்கள்: கட்டு விரியனில் அவை மட்டும் பெரிதாக, அறுகோணமாக இருக்கும். ஆனால் அதைக் கிட்டே போய்ப் பார்க்காதீர்கள், எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கண்ணாடி விரியனின் உடலில் கருத்த விளிம்புள்ள முட்டை வடிவப் புள்ளிகள் சங்கிலிபோல மூன்று வரிசையாக ஓடும். மலைப்பாம்புக் குட்டியிலும் மண்ணுளிப் பாம்பிலும் இருப்பவை ஒழுங்கில்லாத திட்டுகள். மண்ணுளியின் வால் வேறு மழுங்கிக் கட்டையாக இருக்கும். கண்ணாடி விரியன் குக்கர் விசில்போலச் சீறும். அந்தச் சத்தம் கேட்டால் அடையாளம் பார்க்க நிற்கக் கூடாது.

சத்தத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கிலுகிலுப்பைப் பாம்பு எப்போதும் ஒலி எழுப்பாது, நிறத்தை நம்பி அசையாமல் கிடப்பதே அதன் முதல் உத்தி. மாறாக, விஷமற்ற எலிப் பாம்பு (ராட் ஸ்னேக்) காய்ந்த சருகில் வாலை நடுக்கி அதே ஒலியைத் தரும்.

எதிர்ப்பட்டால்: முதலில் நில்லுங்கள். பாம்பு எங்கே என்று கண்ணால் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே காலை நகர்த்துங்கள். பின்னால் குதித்தால் பையின் கனத்தில் தடுமாறி விழலாம். பெரும்பாலான பாம்புகள் தம் நீளத்தில் பாதி தூரம்வரைதான் பாய்ந்து கொத்தும். ஒன்றரை மீட்டர் பாம்புக்கு அது முக்கால் மீட்டர். இரண்டு மீட்டர் இடைவெளி குறைந்தபட்சம், மூன்று இருந்தால் நல்லது. ராஜநாகத்துக்கு இந்தக் கணக்கு வேண்டாம், வந்த வழியே பின்வாங்குங்கள். சருகைக் குவித்துக் கூடு கட்டி முட்டையைக் காக்கும் பெண் ராஜநாகம் லேசில் இடம் கொடுக்காது.

பாம்பு பாதையிலேயே வெயில் காய்ந்துகொண்டு கிடந்தால் காத்திருங்கள், அல்லது தரை தெரியும் பக்கமாகச் சுற்றிப் போங்கள். புதருக்குள் புகுந்து சுற்றுவது, தெரிந்த பாம்பை விட்டுத் தெரியாத பாம்பைத் தேடிப் போவது. கல்லெறிவதும் தடியால் தள்ளுவதும் வேண்டாம். அடித்துக் கொன்றாலும் ஆபத்து தீராது, துண்டான தலை ஒரு மணி நேரம் கழித்தும் கடிக்கும்.

கடிபடும் இடங்கள் பெரும்பாலும் முன்பே ஊகிக்கக் கூடியவை. விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் காலை வைக்காதீர்கள். மரத்தின் மேல் ஏறி நின்று, மறுபக்கம் பார்த்துவிட்டு இறங்குங்கள். எலியை எதிர்பார்த்து மரத்தடியை ஒட்டிச் சுருண்டு கிடப்பது விரியன்களின் வழக்கம். பாறை ஏறும்போது கண்ணுக்குத் தெரியாத விளிம்பில் கையைப் போடாதீர்கள். குழிவிரியன் உள்ள மழைக்காட்டில் கிளையையும் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும், அவை இடுப்பு உயரத்தில் மணிக்கணக்காக ஒரே இடத்தில் இருக்கும். குழுவாகப் போனால் ஆளுக்கு ஆள் இரண்டு மூன்று மீட்டர் விடுங்கள். முன்னால் போகிறவர் சட்டென்று நிற்கும்போது பின்னவர் முட்டித் தள்ளிவிடக் கூடாது. இருட்டிய பிறகு ஹெட்லேம்ப் இல்லாமல் சிறுநீர் கழிக்கக் கூடப் போகாதீர்கள். கூடாரத்தின் ஜிப்பை முழுக்க மூடுங்கள். தரையில் படுத்திருப்பவர்களை இரவில் கட்டு விரியன் கடிப்பது உண்டு, வலி அதிகம் இல்லாததால் பலருக்கு அது தெரிவதே இல்லை. காலையில் கண் இமை தொங்குவதும் வயிற்று வலியும்தான் முதல் அறிகுறிகள்.

படம் எடுப்பதானால் ஜூம் செய்து, தலையின் பக்கவாட்டு, நடு உடல், வால் என்று மூன்று. நின்ற இடத்திலிருந்து கிடைத்தால் கிடைக்கட்டும்.

கடித்துவிட்டால் அடையாளம் இரண்டாம்பட்சம். மருத்துவர் அறிகுறிகளைப் பார்த்தே முடிவெடுக்க முடியும். உதாரணமாக, 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறையவில்லை என்றால் விரியன் நஞ்சு என்று சந்தேகிப்பார்கள். ஆகவே பாம்பைத் துரத்தாதீர்கள். மோதிரம், கடிகாரம், ஷூவைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலைச் சிம்பு வைத்து அசையாமல் கட்டுங்கள். வீக்கத்தின் விளிம்பில் பேனாவால் கோடு போட்டு நேரத்தை எழுதுங்கள். கீறுவது, உறிஞ்சுவது, கயிற்றால் இறுக்குவது, ஐஸ் வைப்பது எதுவும் உதவாது. வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரோஃபென் கொடுத்தால் ரத்தக்கசிவு கூடும், பாராசிட்டமால் போதும்.

ஊருக்கு ஊர் மாறும் விஷயங்களும் இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 10–15 செ.மீ. அகல எலாஸ்டிக் பேண்டேஜால் கை கால் முழுவதையும் அழுத்திச் சுற்றுவதுதான் முறை. கடிவாயைக் கழுவவும் கூடாது, தோலில் ஒட்டிய நஞ்சைப் பரிசோதித்து இனத்தைக் கண்டுபிடிக்க முடியும். வட அமெரிக்கக் குழிவிரியன் (கிலுகிலுப்பைப் பாம்பும் காப்பர்ஹெட்டும் இந்த வகைதான்) கடிக்கு அதே அழுத்தக் கட்டு பரிந்துரைக்கப்படுவதில்லை, நஞ்சு ஓரிடத்தில் தேங்கிச் சதையை அழிக்கும். இந்தியாவின் பன்முக நஞ்சுமுறி (பல பாம்புகளின் நஞ்சுக்கும் சேர்த்துக் கொடுக்கும் ஒரே மருந்து) நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கு மட்டும் தயாரிக்கப்படுவது. கூம்பு மூக்குக் குழிவிரியனுக்கு அது பயன்படாது. அங்கே மட்டும், தூரத்தில் நின்று எடுத்த ஒரு படம் மருத்துவருக்கு உண்மையிலேயே உதவும்.

கடைசியாக, கிளம்பும் முன்பே ஒவ்வொரு நாள் நடைக்கும் வண்டி வரக்கூடிய மிக அருகிலுள்ள இடம் எது, நஞ்சுமுறி இருக்கும் மருத்துவமனை எது என்று வரைபடத்தில் குறித்துவையுங்கள். சிக்னல் இல்லாத பாதை என்றால் சாட்டிலைட் மெசெஞ்சர் ஒன்று. அதைப் பைக்குள் ஆழத்தில் வைக்காமல் தோள்பட்டையில் மாட்டுங்கள், கடிபட்டவர் அசையாமலே கை எட்டும் இடத்தில்.