இரண்டு சர்வர்கள், ஒரே தரவு: பொறுப்பு எப்போது கைமாறலாம்?

கேள்வி: எங்கள் அச்சகத்தின் வடிவமைப்புக் கோப்புகள் அனைத்தும் ஒரே லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. மற்றக் கணினிகள் அவற்றை என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்புப் பகிர்வு முறை வழியாகப் பயன்படுத்துகின்றன. இன்னொரு சர்வரை வாங்கி, ஒன்று படுத்துவிட்டால் மற்றொன்று தானாகவே வேலையைத் தொடரும்படி அமைக்க விரும்புகிறோம். ஒரு சர்வரின் வட்டில் எழுதுவதை நெட்வொர்க் வழியாக மற்றொன்றிலும் படியெடுக்கும் டிஆர்பிடி மென்பொருள் இதற்குப் போதுமா?
– வாசகர், சிவகாசி

பதில்: தரவை இரு இடத்திலும் ஒன்றுபோல வைத்திருக்க டிஆர்பிடி போதும். வியன்னாவைச் சேர்ந்த லின்பிட் நிறுவனம் உருவாக்கிய இது, 2010இல் வந்த 2.6.33 பதிப்பு முதல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இடம்பெற்றுள்ளது. இதில் புரோட்டோகால் சி என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு சர்வர்களின் வட்டிலும் எழுதி முடித்த பிறகே எழுதியாயிற்று என்ற பதில் கிடைக்கும் என்பதால், ஒன்று திடீரென நின்றாலும் அதுவரை உறுதிசெய்யப்பட்ட எதுவும் தொலையாது. புரோட்டோகால் ஏ இன்னும் வேகமானது. ஆனால் அது மறுமுனையின் பதிலுக்குக் காத்திருக்காது, ஆகவே உங்கள் தேவைக்குப் பொருந்தாது.

உண்மையான சிக்கல் படியெடுப்பதில் இல்லை. மாற்று சர்வர் எந்தக் கணத்தில் பொறுப்பேற்கலாம் என்று முடிவுசெய்வதில்தான் இருக்கிறது. முதல் சர்வரிடமிருந்து பதில் வரவில்லை என்பதற்கு அது செத்துவிட்டது என்று மட்டும் பொருளல்ல. இடையிலுள்ள கேபிள் கழன்றிருக்கலாம், சுவிட்ச் திணறியிருக்கலாம், அல்லது சர்வரே சில நொடிகள் உறைந்து மீண்டும் எழலாம். அதற்குள் மற்றொன்று பொறுப்பேற்றுவிட்டால் இரண்டுமே தாம்தாம் முதன்மை என்று நம்பி எழுதத் தொடங்கும். காலையில் ஒரு பிரதியில் திருத்திய அட்டைப்படமும் மற்றொரு பிரதியில் புதிய நாட்காட்டிக் கோப்பும் இருக்கும். எதையாவது ஒன்றைத் தூக்கி எறிந்துதான் இரண்டையும் மீண்டும் இணைக்க முடியும். ஸ்பிளிட் பிரெயின் என்று இந்தத் துறையில் அஞ்சப்படும் நிலை இதுதான்.

இதைத் தடுக்கும் வழிக்கு ஃபென்சிங் என்று பெயர். பொறுப்பேற்க விரும்பும் சர்வர் முதலில் மற்றதன் மின்சாரத்தைத் துண்டித்து, துண்டித்தாயிற்று என்ற உறுதி கிடைத்த பிறகே வட்டைத் தொட வேண்டும். பேஸ்மேக்கர், கோரோசிங்க் ஆகிய மென்பொருள்கள் இந்தக் காரியத்தைச் செய்துதரும். வலைத்தளங்களில் கிடைக்கும் செய்முறைக் குறிப்புகள் பல, ஃபென்சிங்கை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள் என்று சொல்கின்றன. பயிற்சிக்கு அது சரி. அச்சகத்தின் கோப்புகளை நம்பி வைக்கும் இடத்தில் அப்படிச் செய்வதைவிட ஒரே சர்வரோடு இருப்பது மேல்.

மின்சாரத்தைத் துண்டிக்கப் பெரும்பாலும் சர்வர் பலகையிலேயே உள்ள, தொலைவிலிருந்து சர்வரை அணைக்க உதவும் ஐபிஎம்ஐ வசதியைப் பயன்படுத்துவார்கள். அதற்கு ஒரு குறை உண்டு: சர்வருக்கு வரும் மின்சாரம் முற்றிலும் போனால் ஐபிஎம்ஐயும் சேர்ந்து போய்விடும்; எஞ்சியிருக்கும் சர்வர் உறுதி கிடைக்காமல் காத்துக்கொண்டே நிற்கும். ஆகவே நெட்வொர்க் வழியாகக் கட்டுப்படுத்தக்கூடிய மின்விநியோகப் பட்டை ஒன்றை இரண்டாவது வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபென்சிங் மட்டும் இருந்தாலும் போதாது என்பதற்கு, மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் நிறுவனத்தில் 2012 டிசம்பர் 22 அன்று நடந்ததைச் சொல்லலாம். அவர்களுடைய கோப்பு சர்வர்களும் நீங்கள் நினைப்பது போலவே இரண்டிரண்டாக, டிஆர்பிடி, பேஸ்மேக்கர் ஆகியவற்றைக் கொண்டு இயங்கின. சுவிட்சுகளில் நடந்த பராமரிப்பு வேலையின்போது நெட்வொர்க் சிறிது நேரம் உறைந்தது. ஜோடிகள் பலவற்றில் ஒன்று மற்றொன்றை இறந்ததாகக் கருதி அணைப்புக் கட்டளை அனுப்பியது. ஆனால் அதே பழுதால் சில கட்டளைகள் போய்ச் சேரவில்லை. நெட்வொர்க் மீண்டபோது சில ஜோடிகளில் இரண்டுமே தம்மை முதன்மையாகக் கருதிக்கொண்டிருந்ததால், ஒன்றையொன்று அணைத்து இரண்டும் நின்றுபோயின. அத்தகைய ஜோடிகளில் கடைசியாக எது முதன்மையாக இருந்தது என்று கண்டறிந்து அதையே முதலில் எழுப்ப வேண்டியிருந்ததால் சீரமைப்புக்குப் பல மணி நேரம் ஆயிற்று. தரவை இழக்காமல் மீண்டதற்கு அந்த நிதானமே காரணம் என்பது என் கருத்து.

எனவே மூன்றாவதாக ஒரு வாக்கு வேண்டும். இரண்டு சர்வர்கள் மட்டும் இருக்கையில் பெரும்பான்மை என்பதற்கே இடமில்லை. கோரோசிங்க்கின் கியூநெட்டி சேவையை வேறொரு சிறிய கணினியிலும், அதனுடன் பேசும் கியூடிவைஸை இரண்டு சர்வர்களிலும் ஓடவிட்டால், அந்தச் சிறிய கணினி கோப்பு எதையும் வைத்திருக்காமலேயே எந்தப் பக்கம் தொடரலாம் என்பதைத் தீர்மானிக்க உதவும். இரண்டில் ஒன்றின் ஃபென்சிங் கட்டளைக்குச் சில நொடி தாமதமும் கொடுத்து வையுங்கள். இருவரும் ஒரே கணத்தில் சுட்டுக்கொள்வது அதனால் தவிரும். சர்வர்களுக்கிடையே நேரடி கேபிள் ஒன்றும் சுவிட்ச் வழியான பாதை ஒன்றும் இருக்கட்டும்.

என்எஃப்எஸ் பக்கத்தில், கணினிகள் சர்வரின் சொந்த முகவரியை அல்லாமல் எது முதன்மையோ அதனிடம் இடம்மாறும் ஐபி முகவரியையே அறிந்திருக்க வேண்டும். டிஆர்பிடியை முதன்மையாக்குதல், கோப்பு முறைமையை ஏற்றுதல், என்எஃப்எஸ் பகிர்வைத் திறத்தல், கடைசியாக ஐபியை எடுத்துக்கொள்ளுதல் என்ற வரிசை மாறக் கூடாது. இரு பக்கத்திலும் பகிர்வை அடையாளம் காட்டும் எஃப்எஸ்ஐடி எண் ஒன்றாக இல்லாவிட்டால், பொறுப்பு மாறியதும் கணினிகள் ஸ்டேல் ஃபைல் ஹேண்டில் (கோப்பின் பழைய அடையாளம் செல்லாது) என்ற பிழையைக் காட்டும். கணினிகளில், சர்வரின் பதில் வரும்வரை காத்திருக்கும் ஹார்டு மவுண்ட் முறையைப் போடுங்கள். சிறிது நேரத்தில் முயற்சியைக் கைவிட்டுவிடும் சாஃப்ட் மவுண்ட் போட்டால் இடைவேளையில் எழுதிக்கொண்டிருந்த கோப்பு பாதியில் அறுபடக்கூடும்.

எல்லாம் முடிந்ததும், ஒரு விடுமுறை நாளில் சோதித்துப் பாருங்கள். முறைப்படி நிறுத்திப் பார்ப்பது சோதனையே ஆகாது. நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், மின்கம்பியைப் பிடுங்குங்கள், கெர்னலை வேண்டுமென்றே முடக்கிப் பாருங்கள்.

கேள்வி: இரண்டாவது சர்வர் சும்மா கிடப்பது வீண்செலவாகத் தெரிகிறது. இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுத முடியாதா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஜிஎஃப்எஸ்2 போன்ற கிளஸ்டர் கோப்பு முறைமை இருந்தால் முடியும், சாதாரண எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் ஆகியவற்றை இரு பக்கமும் ஒரே சமயத்தில் ஏற்றினால் தரவு சிதைந்துவிடும். சிறிய அலுவலகத்துக்கு அந்தச் சிக்கல் தேவையில்லை. தரவை இரண்டு டிஆர்பிடி பகுதிகளாகப் பிரித்து, ஒன்றுக்கு ஒரு சர்வரையும் மற்றொன்றுக்கு அடுத்ததையும் முதன்மையாக்கலாம். ஆனால் ஒன்று நின்றால் மொத்தச் சுமையையும் மற்றது தாங்க வேண்டும் என்பதால், ஒவ்வொன்றுக்கும் அதன் திறனில் பாதிக்கு மேல் வேலை கொடுக்காதீர்கள்.

கேள்வி: இப்படி இரண்டு பிரதி இருக்கும்போது பேக்கப் எதற்கு?
– வாசகர், மதுரை

பதில்: நீங்கள் தவறுதலாக அழிக்கும் கோப்பு மறுகணமே இரண்டு பிரதிகளிலும் அழிந்திருக்கும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வந்தாலும் அப்படியே. டிஆர்பிடிக்கு அடியில் வட்டு இடத்தை நிர்வகிக்கும் எல்விஎம் இருந்தால், மாற்று சர்வரில் இரவுதோறும் ஸ்னாப்ஷாட் (அந்தக் கணத்துத் தரவின் பதிவு) எடுத்து அதை மூன்றாவது இயந்திரத்தில் சேர்க்கலாம். அந்த இயந்திரத்தின் கடவுச்சொல் இந்த இரண்டு சர்வர்களிலும் சேமிக்கப்பட்டிருக்கக் கூடாது. பேக்கப்பை அதுவே வந்து எடுத்துக்கொண்டு போகும்படி அமையுங்கள்.