கைகிஷிட்சு: எந்த நாற்காலி உங்களுடையது?

தம்பி, அடுத்த மாதம் தோக்கியோவில் வேலைக்குச் சேரவிருப்பதாகவும், மின்னஞ்சலில் வந்த ‘கைகிஷிட்சு’ என்பது நம் கான்ஃபரன்ஸ் ரூம்தானா என்றும், வாடகையும் சைவச் சாப்பாடும் எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். வாடகையைக் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு, தோக்கியோவில் நம் இந்தியர்கள் நிறையப் பேர் வாழும் நிஷிகசாய் பகுதி இருக்கிறது.

கூடுவது, ஆராய்ந்து பேசுவது, அறை என்று பொருள்படும் மூன்று ‘கன்ஜி’ எழுத்துகள் (சீனத்திலிருந்து வந்தவை) சேர்ந்த சொல் ‘கைகிஷிட்சு’. விருந்தினரை அமர்த்தும் அறைக்கு ‘ஓசெட்சுஷிட்சு’ என்று தனிப்பெயர் உண்டு. சிலர் கூடி வேலை விவரம் பேசிக்கொள்வது ‘உச்சியாவசே’, முறையான கூட்டம்தான் ‘கைகி’. அகராதி இவ்வளவுடன் நின்றுவிடும். நான் அவமானப்பட்டது அதற்கு அப்பால்.

2004-இல், வந்த இரண்டாம் வாரம், வாடிக்கையாளர் வரவிருந்த ஒரு கூட்டத்துக்கு எல்லோருக்கும் முன்னால் போய், கதவுக்கு வெகு தொலைவில் ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் சுகமாக உட்கார்ந்துவிட்டேன். அது ‘கமிசா’, வந்தவர்களில் மூத்தவருக்கு உரிய இடம். என்னைப் போன்ற கடைக்குட்டிக்குக் கதவருகே உள்ள ‘ஷிமோசா’. சம்பந்தி வீட்டாரை எங்கே உட்காரவைப்பது என்று அவ்வளவு பார்க்கிற ஊரிலிருந்து போனவனுக்கு இது தோன்றாமல் போனதே! ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் ஒரு மூத்த சகா மட்டும் ஒரு தாளில் கட்டம் போட்டு, கதவைக் குறித்து, நாற்காலிகளுக்கு வரிசையெண் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த தப்பு, அந்த அறையில்தான் முடிவெடுப்பார்கள் என்று நம்பி ஒரு திட்டத்தை எல்லோர் முன்னிலும் மறுத்துப் பேசியது. ‘பரிசீலிக்கிறோம்’ என்று பொருள்படும் ‘கெந்தோ ஷிமாஸ்’ என்றார்கள். அது பெரும்பாலும் மறுப்பு என்று தெரியாமல் நான் இரண்டு வாரம் காத்திருந்தேன். மரத்தைப் பெயர்த்து நடுமுன் வேரைச் சுற்றித் தோண்டிப் பதப்படுத்துவதற்கு ‘நெமவாஷி’ என்று பெயர். கூட்டத்துக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் தனித்தனியே பேசி இசைவு வாங்குவதையும் அப்படித்தான் சொல்கிறார்கள். பல கூட்டங்களில் அறைக்குள் நடப்பது அந்த இசைவை ஊரறியச் சொல்வது மட்டுமே.

பத்து வருடம் நிஷிகசாயில் இருந்தும் ‘சுமிமாசேன்’ (மன்னிக்கவும்) என்ற சொல்லைத் தாண்டாத நம்மவர் சிலர், ஜப்பானியர் வாய் திறப்பதில்லை என்று உங்களிடம் குறைப்படுவார்கள். அப்படிக் குறைப்படுகிறவர்கள், பேச்செல்லாம் முன்பே முடிந்து கூட்டம் தொடங்கிய பிறகு காது கொடுப்பவர்கள். போன ஏப்ரலில் எங்கள் பிரிவில் சேர்ந்த ஜப்பானியப் பையன் ஒருவன் நேரே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தான். இருபது வருடமாக இழுப்பறையில் கிடந்த அந்தத் தாளை அன்று மாலை அவனுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தேன்.