சிலிண்டருக்கு ஒரு த்ராட்டில்: வாசகர் கேள்வி பதில்

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி த்ராட்டில் பாடி (காற்று செல்லும் குழாயும் அதைத் திறந்து மூடும் தகடும்) பொருத்தப்பட்ட சிறிய கார் இன்ஜின்களை ட்யூன் செய்வது குறித்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். ஒரே சந்தேகத்தைப் பலர் எழுப்பியிருந்த இடங்களில் கேள்விகளை இணைத்துச் சுருக்கியுள்ளோம்.

கேள்வி: என்னுடைய 1.3 லிட்டர், நான்கு சிலிண்டர் இன்ஜினில் மோட்டார் பைக் ஒன்றின் நான்கு த்ராட்டில் பாடிகளைப் பொருத்தி, நாமே புரோகிராம் செய்துகொள்ளும் வகை இ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) ஒன்றையும் இணைத்திருக்கிறேன். ஸ்லோ ஸ்பீடில் இன்ஜின் ஒருவாறு ஓடுகிறது. ஆக்சிலரேட்டரைச் சற்று அழுத்தியதும் திணறுகிறது. மேப் சென்சார் (இன்டேக் குழாயின் காற்றழுத்தத்தை அளப்பது) காட்டும் அளவு குதித்துக்கொண்டே இருக்கிறது. ஆக்சிலரேட்டரைக் கால் பங்கு அழுத்துவதற்குள் 95 கிலோபாஸ்கலைத் தாண்டிவிடும் அந்த அளவு, அதன் பிறகு அசைவதே இல்லை. சென்சார் பழுதா?

பதில்: சென்சார் உள்ளதைத்தான் சொல்கிறது, அதனிடம் நீங்கள் கேட்கும் கேள்விதான் இந்த அமைப்புக்குப் பொருந்தவில்லை. ஒரே த்ராட்டில் உள்ள இன்ஜினில், அதற்குப் பின்னால் இருக்கும் பெரிய காற்றறையை நான்கு சிலிண்டர்களும் மாறி மாறி உறிஞ்சுவதால் அங்கே ஓரளவு சீரான வெற்றிடம் நிலவுகிறது. அதன் அழுத்தத்தையும் சுழற்சி வேகத்தையும் கொண்டே சிலிண்டருக்குள் செல்லும் காற்றின் அளவை இ.சி.யூ. கணக்கிட்டுவிடுகிறது. தனித்தனி த்ராட்டில்களிலோ, த்ராட்டில் தகட்டுக்கும் இன்டேக் வால்வுக்கும் இடையே இருப்பது ஒரு சிறிய குழாய் மட்டுமே. வால்வு திறக்கும்போது அதில் அழுத்தம் சட்டென விழுந்து, வால்வு மூடியிருக்கும் நீண்ட இடைவெளியில் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. தகடு கொஞ்சம் கூடுதலாகத் திறந்துவிட்டால், குறிப்பாகக் குறைந்த ஆர்.பி.எம்மில், உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் வேறுபாடே இல்லாமல் போகிறது. மீதமுள்ள முக்கால் பங்கு ஆக்சிலரேட்டரில் இன்ஜின் எவ்வளவு காற்றை எடுக்கிறது என்பதை அழுத்தத்தைக் கொண்டு இனி அறிய முடியாது.

அதனால்தான் இத்தகைய இன்ஜின்களில் த்ராட்டிலின் கோணத்தையும் ஆர்.பி.எம்மையும் அச்சுகளாகக் கொண்ட அட்டவணையிலிருந்து பெட்ரோலின் அளவை எடுக்கும் ஆல்ஃபா-என் முறையைக் கையாள்கிறார்கள். இதில் பலர் தவறவிடுவது அட்டவணையின் கட்டங்களை எங்கே நெருக்கி அமைப்பது என்பதைத்தான். மூடிய நிலையில் குழாய்க்குச் செங்குத்தாக நிற்கும் ஒரு தட்டையான தகட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், அது 5 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்குத் திறக்கும்போது காற்று செல்லும் பரப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. அதே 5 டிகிரி மாற்றம் 60இலிருந்து 65க்கு நிகழ்ந்தால் பரப்பு சுமார் 15 சதவீதம்தான் கூடுகிறது. ஆகவே திறப்பின் சதவீதத்தில் 0, 10, 20, 30 எனச் சம இடைவெளியில் கட்டங்களை அமைத்தால், நெரிசலில் வண்டியை ஓட்டும் முழு நேரமும் இரண்டே வரிசைகளுக்குள் அடங்கிவிடும். தொடக்கத்தில் 0, 1.5, 3, 5, 7, 10, 14, 20 என நெருக்கமாகவும், பிறகு 30, 45, 70, 100 எனத் தாராளமாகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்ஃபா-என் முறைக்கும் ஒரு குறை உண்டு. தகடு மூடியிருக்கையில் ஸ்லோ ஸ்பீடுக்கான ஐடில் வால்வு வழியாகச் செல்லும் காற்று, தகட்டின் கோணத்தை அளக்கும் த்ராட்டில் பொசிஷன் சென்சாருக்குத் தெரியாது. உங்கள் இ.சி.யூ.வில் இரண்டையும் கலக்கும் வசதி இருந்தால், ஸ்லோ ஸ்பீடு முதல் இலேசான சுமை வரை மேப் சென்சாரையும் அதற்கு மேல் த்ராட்டில் கோணத்தையும் பயன்படுத்துவதே என் பரிந்துரை. நான்கு குழாய்களிலிருந்தும் கவனமாகத் திரட்டினால் அழுத்தமும் பயன்படக்கூடியதே. நான்கு த்ராட்டில்களுடன் தொழிற்சாலையிலிருந்தே வந்த டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ 20 வால்வு இன்ஜின் 1991இல் காற்றோட்ட மீட்டருடன் அறிமுகமாகி, 1995இல் வந்த அடுத்த பதிப்பில் அழுத்த சென்சாருக்கு மாறியது.

கேள்வி: நான்கு த்ராட்டில்களையும் சமப்படுத்த வாக்குவம் கேஜ் நல்லதா, குழாயின் வாயில் வைத்துக் காற்றோட்டத்தை அளக்கும் மீட்டர் நல்லதா? எந்த ஸ்க்ரூவை முதலில் தொட வேண்டும்?

பதில்: இரண்டும் வேண்டும், ஏனெனில் இரண்டும் ஒன்றையே அளப்பவை அல்ல. குழாயின் வாயில் வைக்கும் மீட்டர், தகட்டின் வழியாகச் செல்லும் காற்றை மட்டுமே காட்டும். வாக்குவம் கேஜோ தகட்டுக்குப் பின்னால் நிகழும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். நான்கிலும் காற்றோட்டம் சமமாக இருந்தும் ஒன்றில் மட்டும் வெற்றிடம் குறைவாக இருந்தால், அந்தக் குழாயில் கேஸ்கெட்டோ ஹோஸோ காற்றை உள்ளே விடுகிறது, அல்லது அந்தச் சிலிண்டரின் வால்வு இடைவெளியிலோ கம்ப்ரஷனிலோ கோளாறு இருக்கிறது என்று பொருள். த்ராட்டில் ஸ்க்ரூவைத் திருகி அதை மறைத்துவிடலாம். ஆனால் ஸ்லோ ஸ்பீடில் மறைந்த குறை 3,000 ஆர்.பி.எம்மில் வேறு உருவில் வெளிப்படும்.

வால்வு இடைவெளியையும் கம்ப்ரஷனையும் சரிபார்த்த பிறகு, இன்ஜினை முழுச் சூட்டுக்குக் கொண்டு வாருங்கள். ஸ்லோ ஸ்பீடைத் தானாகச் சரிசெய்யும் இ.சி.யூ. வசதிகளை, இக்னிஷன் டைமிங் வழியாகச் செய்வது உட்பட, நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் ஒரு பக்கம் திருக, அது மறுபக்கம் ஈடுகட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு குழாயிலும் தகட்டைச் சுற்றிச் செல்லும் காற்றைச் சரிசெய்ய உள்ள பைபாஸ் ஸ்க்ரூக்களை முழுவதும் மூடிவிட்டு, 1,500 ஆர்.பி.எம் அளவில் தகடுகளை இணைக்கும் லிங்கேஜ் ஸ்க்ரூக்களைக் கொண்டு நான்கையும் சமமாக்குங்கள். அதன் பின்னரே ஸ்லோ ஸ்பீடுக்கு இறங்கி, எஞ்சிய சிறு வேறுபாட்டைப் பைபாஸ் ஸ்க்ரூக்களால் தீர்க்க வேண்டும். நான்கு குழாய்களின் வாக்குவம் ஹோஸ்களும் ஒரு பொதுத் தொட்டியில் சேர்ந்திருந்தால், அளக்கும்போது அவற்றைக் கழற்றித் தனித்தனியாக அடைத்துவிடுங்கள். சேர்ந்திருக்கும்வரை கேஜ் சராசரியைத்தான் காட்டும்.

எல்லாம் முடிந்ததும் த்ராட்டில் பொசிஷன் சென்சாரின் மூடிய நிலை, முழுத் திறப்பு ஆகிய இரண்டையும் இ.சி.யூ.வில் மறுபடியும் பதிய வேண்டும். லிங்கேஜைத் திருகிய பிறகு இதைச் செய்யாமல் விட்டால், அதற்கு முன் உழைத்து உருவாக்கிய அட்டவணை முழுவதும் ஒரு டிகிரி தள்ளி நிற்கும். சிறு திறப்பில் ஒரு டிகிரி எவ்வளவு பெரியது என்பதை முந்தைய பதிலில் பார்த்தோம். இந்த வேலையை முடிக்காமல் லேப்டாப்பைத் திறப்பது வீண்.

கேள்வி: நீண்ட ஓவர்லேப் கொண்ட கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) பொருத்தியிருக்கிறேன். ஸ்லோ ஸ்பீடில் லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு, 1-க்கு மேல் என்றால் பெட்ரோல் குறைவு) 1.15 என்று காட்டுகிறது. பெட்ரோலைக் கூட்டினால் லாம்டா குறையாமல், இன்ஜின் மேலும் குலுங்குகிறது. எக்ஸாஸ்டில் பெட்ரோல் வாடை கண்ணை எரிக்கிறது. எதை நம்புவது?

பதில்: உங்கள் மூக்கை நம்புங்கள். லாம்டா சென்சார் பெட்ரோலை அளப்பதில்லை. எரிந்தபின் எக்ஸாஸ்டில் மிஞ்சியுள்ள ஆக்ஸிஜனைக் கொண்டுதான் கலவையை ஊகிக்கிறது. இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் நெடுநேரம் சேர்ந்து திறந்திருக்கும் கேமில், ஸ்லோ ஸ்பீடின்போது எரிந்த வாயு திரும்பி உள்ளே வந்து புதிய கலவையை நீர்க்கச் செய்வதால், சில சுற்றுகளில் அது தீப்பிடிப்பதே இல்லை. அப்படி மிஸ்ஸிங் ஆகும் சுற்றில் ஒரு சிலிண்டர் நிறையக் காற்று அப்படியே எக்ஸாஸ்டுக்குப் போகிறது. சென்சார் அந்த ஆக்ஸிஜனைக் கண்டு, பெட்ரோல் போதவில்லை என்று அறிவிக்கிறது. அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் பிளக் நனைந்து மிஸ்ஸிங் இன்னும் பெருகும், லாம்டா இன்னும் ஏறும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் கசிவு இருந்தாலும் இதே பொய்த் தோற்றம் உண்டாகும் என்பதால் அதை முதலில் பாருங்கள்.

ஸ்லோ ஸ்பீடில் லாம்டாவைப் பார்த்துத் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். பெட்ரோலைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்து, வெற்றிடம் அதிகமாகவும் ஓட்டம் சீராகவும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே லாம்டா எந்த எண்ணைக் காட்டினாலும் அதுவே உங்கள் இன்ஜினுக்கு உரிய எண். நீர்த்த கலவை மெதுவாக எரியும் என்பதால் டைமிங்கையும் சற்று முன்னேற்ற வேண்டியிருக்கும். பழைய கேமில் 10 டிகிரி போதுமானதாக இருந்திருந்தால், இதில் 15 முதல் 20 வரை முயன்று பார்க்கலாம். ஸ்லோ ஸ்பீடை 1,000 முதல் 1,200 ஆர்.பி.எம் வரை உயர்த்தத் தயங்க வேண்டாம். இத்தகைய கேமை வைத்துக்கொண்டு 750இல் பட்டுப்போல் ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. சுமையில் ஓடும்போது லாம்டாவை மறுபடியும் நம்பலாம். முழுத் திறப்பில் 0.86 முதல் 0.90 வரை வைத்துத் தொடங்குங்கள்.

கேள்வி: வெற்றிடத்தின் உதவியால் பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பிரேக் பூஸ்டரின் ஹோஸை முதல் சிலிண்டரின் குழாயில் மட்டும் இணைத்திருக்கிறேன். பிரேக் கல்லாக இருக்கிறது.

பதில்: இதை ட்யூனிங் கேள்வியாகக் கருதாமல் உயிர் தொடர்பான கேள்வியாகக் கருதுங்கள், இது தீரும்வரை வண்டியைச் சாலையில் இறக்க வேண்டாம். நான்கு குழாய்களிலிருந்தும் ஹோஸ்களை எடுத்து ஒரு சிறிய தொட்டியில் சேர்த்து, அங்கிருந்து பூஸ்டருக்குக் கொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு ஹோஸிலும் ஒருவழி வால்வு இருந்தால், குழாய்கள் ஒன்றிலிருந்து ஒன்று காற்றைத் திருடுவதும் நின்றுவிடும். மேப் சென்சாருக்கு வேறு ஒரு சிறிய தொட்டியை, ஏறத்தாழ 1 மி.மீ. துளையுள்ள அடைப்பான்களுடன் தனியாக அமையுங்கள். அங்கே துடிப்பு அடங்க வேண்டும், பிரேக்குக்கோ காற்றோட்டம் தடைபடக் கூடாது.

வேலை முடிந்ததும் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பிரேக்கைப் பலமுறை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். பிறகு பிரேக்கை மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் பெடல் தானாகச் சற்றுக் கீழே இறங்க வேண்டும். பெரிய கேம் காரணமாக அப்போதும் இறங்கவில்லை என்றால், மின்சார வாக்குவம் பம்ப் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: எரிபொருள் பிரஷர் ரெகுலேட்டரின் ஹோஸை எங்கே இணைப்பது?

பதில்: முழுக்க ஆல்ஃபா-என் முறையில் ஓட்டுவதானால் எங்கும் இணைக்காமல் வெளிக்காற்றுக்குத் திறந்துவிடுங்கள், அழுத்தம் நிலையாக இருக்கும், மீதியை அட்டவணை பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு குழாயில் மட்டும் இணைப்பது எல்லாவற்றிலும் மோசம். முடிவு எதுவானாலும் அட்டவணையைத் தொடங்கும் முன்பே எடுத்துவிடுங்கள், இடையில் மாற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

கேள்வி: அதே 1.3 லிட்டர் இன்ஜினுக்கு 40 மி.மீ. த்ராட்டில் பாடிகளும் 45 மி.மீ. பாடிகளும் கிடைக்கின்றன. பெரியதையே போட்டால் பவர் கூடும் அல்லவா?

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு சிலிண்டரும் 325 சி.சி. என்றால், 7,000 ஆர்.பி.எம்மில் அது நிமிடத்துக்கு 3,500 முறை காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று முழுவதும் நான்கு ஸ்ட்ரோக்கில் ஒன்றான இன்டேக் ஸ்ட்ரோக்கில் மட்டும் செல்வதாகக் கொண்டால், 40 மி.மீ. குழாயில் அதன் சராசரி வேகம் நொடிக்குச் சுமார் 60 மீட்டர், 45 மி.மீ. குழாயில் சுமார் 48 மீட்டர். இந்தச் சுழற்சி வேகத்தில் 40 மி.மீ. குழாய் தொண்டையை நெரிப்பதாகக் கொள்ள முடியாது. பெரியதைப் போட்டால் பரப்பு 27 சதவீதம் கூடி, ஏற்கெனவே கூர்மையான சிறு திறப்பு இன்னும் கூர்மையாகிறது. கால் பெருவிரல் அசைந்தாலே வண்டி துள்ளும். மேலே சொன்ன டொயோட்டா இன்ஜின் 1,587 சி.சி. கொள்ளளவும் அதைவிட உயர்ந்த ஆர்.பி.எம்மும் கொண்டது என்பதையும் கருதுங்கள். நான் 40 மி.மீ. பாடிகளைத்தான் தேர்ந்தெடுப்பேன். கேபிளை இழுக்கும் சக்கரம் முழு வட்டமாக இல்லாமல், தொடக்கத்தில் மெதுவாகவும் பின்னர் வேகமாகவும் திறக்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தால் ஓட்டுவது மிகவும் எளிதாகும்.

தனித்தனி த்ராட்டில்கள் தாமாகவே பெரும் பவரைத் தருவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒரு சிலிண்டரின் பின்னோட்டம் அடுத்ததைக் குழப்பாமல் தடுப்பதால், பெரிய கேமைத் தாங்கும் ஆற்றலை அவை இன்ஜினுக்குக் கொடுக்கின்றன. காலின் அசைவுக்கு உடனடியாகப் பதில் தருகின்றன. கேமையும் எக்ஸாஸ்டையும் மாற்றாமல் இவற்றை மட்டும் மாட்டுபவருக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி சத்தம்தான்.

கேள்வி: நிலையான வேகத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆக்சிலரேட்டரைச் சட்டென அழுத்தும்போது மட்டும் ஒரு கணம் இறந்துபோய்ப் பிறகு பாய்கிறது.

பதில்: திடீரெனத் திறக்கும்போது குழாயினுள் அழுத்தம் எகிறி, பெட்ரோலின் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் படிந்துவிடுகிறது, அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டவே ஆக்சலரேஷன் என்ரிச்மென்ட் (அந்தக் கணத்தில் கூடுதல் பெட்ரோல் தருவது) இருக்கிறது. லாம்டா பதிவைப் பாருங்கள். அழுத்திய கணத்தில் லாம்டா மேலே குத்திட்டு ஏறினால் கூடுதல் பெட்ரோல் தேவை. கீழே விழுந்து கரும்புகை வந்தால் குறைக்க வேண்டும். முதலில் சரியாக இருந்து அரை நொடி கழித்துத் திணறினால், அளவை விட்டுவிட்டுக் கால அளவை மாற்றுங்கள். த்ராட்டில் சென்சாரின் வயரில் மின்னிரைச்சல் இருந்தால், காலை அசைக்காதபோதும் இ.சி.யூ. என்ரிச்மென்ட் தரும் என்பதால், அது தொடங்கும் வரம்பை அந்த இரைச்சலுக்குச் சற்று மேலே வையுங்கள். அட்டவணை முழுமையாகும் முன்பு இதைத் தொட்டால் ஒன்றின் பிழையை மற்றொன்று மூடி மறைத்துவிடும்.

கேள்வி: சமவெளியில் ட்யூன் செய்த இதே ஆல்ஃபா-என் அட்டவணையுடன் மலையேறலாமா?

பதில்: வெளிக்காற்றழுத்தத் திருத்தம் இல்லாமல் ஏற வேண்டாம். கடல் மட்டத்தில் 101 கிலோபாஸ்கலாக இருக்கும் அழுத்தம் 2,000 மீட்டர் உயரத்தில் சுமார் 80 ஆகிவிடுகிறது. த்ராட்டிலின் கோணமோ மாறுவதில்லை என்பதால் இ.சி.யூ. பழைய அளவிலேயே பெட்ரோலைக் கொட்டும், கலவை நான்கில் ஒரு பங்கு அளவுக்கு மிகுந்துவிடும். சில இ.சி.யூ.க்கள் இன்ஜின் ஸ்டார்ட் ஆவதற்கு முன், சாவியைத் திருகும் கணத்தில் மேப் சென்சார் காட்டும் எண்ணையே வெளிக்காற்றின் அழுத்தமாக எடுத்துக்கொள்கின்றன. நிறுத்தாமல் ஏறிக்கொண்டே இருந்தால் அந்த எண் அடிவாரத்திலேயே நின்றுவிடும். வெளிக்காற்றுக்குத் திறந்த இரண்டாவது அழுத்த சென்சார் ஒன்றைப் பொருத்துவதே சரியான தீர்வு. அது வரும்வரை, ஏறும் வழியில் அவ்வப்போது பாதுகாப்பான இடத்தில் இன்ஜினை நிறுத்திச் சில நொடிகள் கழித்து மறுபடியும் ஸ்டார்ட் செய்யுங்கள்.