பிரௌனிய 45 நாள் ட்ரெய்னர்கிட்ட விடலாமா?

கேள்வி: எங்க பிரௌனிக்கு 11 மாசம், தெருவுல இருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய். காம்பவுண்ட் சுவரையே தாண்டுறா. அஜிலிட்டி வீடியோ பார்த்ததுல இருந்து இவளையும் போட்டிக்கு விடணும்னு ஆசைங்க. ஒரு ட்ரெய்னர் 45 நாள் அவர் இடத்துல விடச் சொல்றார், 40,000 ரூபாயாம், மெடல் கேரண்டியாம், பேப்பரும் அவரே ரெடி பண்ணிடுவாராம். 5,000 அட்வான்ஸ் குடுத்துட்டேன். எனக்கு முட்டி வலி, ஓட முடியாது. விடலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: விடாதீங்க மேடம். மத்ததெல்லாம் அப்புறம்.

அஜிலிட்டின்னா என்னன்னு அந்த ஆளு உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டார். ஜம்ப், டனல், சீசா, வரிசையா நட்டு வெச்ச குச்சின்னு ஒரு 15ல இருந்து 22 தடை இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டிருக்கும், அந்த வரிசை போட்டிக்குப் போட்டி மாறும். நாய்க்கு நம்பர் படிக்கத் தெரியாது. கயிறு கிடையாது, கையில பிஸ்கட் கிடையாது, நாயையோ தடையையோ தொட்டா பாயிண்ட் போச்சு. போட்டிக்கு முன்னாடி நாய வெளிய விட்டுட்டு நீங்க மட்டும் ஒரு தடவ நடந்து பார்த்து வரிசைய மனப்பாடம் பண்ணிக்கணும், அப்புறம் உங்க தோள் எந்தப் பக்கம் திரும்புது, கால் எங்க நீட்டுதுன்னு பார்த்துதான் அது போகும். அப்ப 45 நாள் அது யாரோட தோளப் பார்த்துப் பழகும்? அவரோடத. திரும்பி வந்ததும் ஓட்டப்போறது யாரு? நீங்க.

ஒரு ஷோவுல கண்ணால பார்த்தேன். ஒரு மாசம் போர்டிங்ல, அதாவது ட்ரெய்னர் இடத்துலயே தங்கிப் பழகிட்டு வந்த லாப்ரடார். நாலு ஜம்ப் அழகா தாண்டுச்சு, அஞ்சாவதுக்கு முன்னாடி நின்னு ஓனர் மூஞ்சியப் பார்த்துச்சு, சுத்திப் பார்த்துச்சு, கயித்துக்கு வெளிய அந்த ட்ரெய்னர் டீ குடிச்சிட்டு நின்னாரு பாருங்க, நேரா அவர்கிட்ட போய் உக்காந்துக்கிச்சு. ஓனரம்மா கூப்பிடக் கூப்பிட வரல. கழுத்த சுத்தி முடி தேஞ்சு ஒரு வளையம் வேற. சோக் செயின், அதான் இழுத்தா கழுத்த இறுக்குற சங்கிலி, அதப் போட்டுப் பழக்கின நாய்க்கு அப்படி ஆகலாம். அதுக்கப்புறம் யாரு போர்டிங் ட்ரெய்னிங்னு சொன்னாலும் நாயோட கழுத்துல கைய விட்டுப் பார்க்கிறது எனக்கு வழக்கமாயிடுச்சு.

உங்க முட்டி விஷயத்துக்கு ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கு, இத நிதானமா படிங்க. ஓட்டுறவங்க ஓனரா இருக்கணும்னு கட்டாயம் இல்ல. வீட்டுல பொண்ணு, பையன், தம்பி யாராவது இருந்தா அவங்க ஓட்டலாம். ஆனா ஓட்டுறவங்கதான் பழக்கணும். பழக்குறது நீங்க, ஓட்டுறது பொண்ணுன்னா அதுவும் அந்த போர்டிங் கதைதான். அதனால இப்ப இருந்தே ஒரு வேளை சோறாவது பொண்ணு கையால போடணும், காலைல பயிற்சி அவதான் குடுக்கணும், நீங்க ஓரமா சேர் போட்டு உக்காந்து வாய மூடிட்டு பார்க்கணும். அந்த வாய மூடுறதுதான் கஷ்டம், எல்லா வீட்டுலயும் அம்மா ஒரு பக்கம் "வா வா"ங்கறாங்க, பொண்ணு ஒரு பக்கம் "போ போ"ங்கறா, நாய் நடுவுல முழிக்குது. வீட்டுல ஓட்ட ஆளே இல்லன்னா, தள்ளி நின்னு கை காட்டி அனுப்பப் பழக்கலாம், நடந்துக்கிட்டே ஓட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க, மாசக்கணக்கா கூடுதலா ஆகும், அவ்வளவுதான்.

அடுத்து வயசு. 11 மாசத்துல காம்பவுண்ட் தாண்டுறான்னு நீங்க சந்தோஷப்படுறீங்க, எனக்கு வயித்தக் கலக்குது. எலும்போட நுனி இன்னும் கெட்டிப்படல, முதல்ல அந்த சுவர் பக்கம் போகாம ஏதாவது தடுப்பு வைங்க. உலக அளவுல எஃப்சிஐ (பல நாட்டு கென்னல் கிளப்புகளோட கூட்டமைப்பு) போட்டிகள்ல 18 மாசம் ஆகாம உள்ள விட மாட்டாங்க, அமெரிக்கால 15 மாசம். 45 நாள்ல ரெடின்னா 12, 13 மாசத்துல எந்தப் போட்டிக்கு கூட்டிட்டுப் போவாராம்?

அதுவரைக்கும் வீட்டுல செய்யலாம். ஹார்டுவேர் கடையில பிவிசி பைப் வாங்கி தரையிலயே போட்டு அது மேல நடக்க விடுங்க. பின்னாடி உயரம் வைக்கும்போது பைப்ப கட்டவே கூடாது, நாய் கால் பட்டா கீழ விழணும், சில பேர் இரும்புல வெல்டிங் பண்ணி வெச்சிருக்காங்க, அதுல மோதினா கால் போச்சு. குழந்தைங்க விளையாடுற துணி டனல் போதும், உருளாம ரெண்டு பக்கமும் மணல் மூட்டை வைங்க. சீசாவுக்கு நீளமா ஒரு பலகை, அதுக்கு அடியில நடுவுல மடிச்ச டவல், ஒரு முனை டக்குனு தரையத் தட்டுற சத்தத்துக்கு நாய் பயப்படக்கூடாது, ஒவ்வொரு டக்குக்கும் ஒரு துண்டு வேகவெச்ச கோழி ஈரல் குடுங்க. குச்சி வரிசை கடைசியில பார்த்துக்கலாம், போட்டியில 12 குச்சி, 60 செ.மீ. இடைவெளி, முதல் குச்சி நாயோட இடது தோள் பக்கம் வர்ற மாதிரி நுழையணும், முதுக அப்படி வளைக்கிற வேலை வளர்ற நாய்க்கு இப்ப வேண்டாம். எல்லாமே மண் தரையில, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, பத்து நிமிஷம். வீட்டு டைல்ஸ்ல கூடவே கூடாது.

இப்ப அந்த பேப்பர், அதாவது நாயோட இனம், வம்சாவளி காட்டுற சான்றிதழ். நாட்டு நாய்க்கு பேப்பர் வாங்கித் தர்றேன்னா என்ன அர்த்தம்? கறுப்பு உடம்புல பழுப்புப் புள்ளி இருந்தா கன்னி, மெலிசா உயரமா இருந்தா சிப்பிப்பாறைன்னு ஒரு இனப் பேர எழுதிடுவாங்க. கென்னல் கிளப் ஆஃப் இந்தியா பதிவுல மைக்ரோசிப் நம்பர் இருக்கும், 15 இலக்கம். ஸ்கேனர் வெச்சா உங்க நாய் கழுத்துல ஒண்ணும் இருக்காது, இல்ல வேற நம்பர் இருக்கும், அசிங்கப்படப்போறது நீங்க, அந்த ட்ரெய்னர் இல்ல. பிரௌனி பிரௌனியாவே போகட்டும். இங்கிலாந்து, அமெரிக்கா ரெண்டு எடத்துலயும் கலப்பின நாய்க்கு தனியா பதிவு குடுத்து அஜிலிட்டில விடுறாங்க. எஃப்சிஐ உலக சாம்பியன்ஷிப்புக்குத்தான் வம்சாவளி வேணும். நம்ம ஊர்ல ஷோ நடத்துற கிளப்புக்கு "பேப்பர் இல்லாத நாட்டு நாய், அஜிலிட்டில சேர்க்கலாமா"ன்னு வாட்ஸ்அப்ல கேட்டு பதில எழுத்துல வாங்கிட்டு பணம் கட்டுங்க.

அந்த பதில் வர்றதுக்கே சில சமயம் ஷோ முடிஞ்சிடும், அது வேற கதை. 1978ல இங்கிலாந்துல க்ரஃப்ட்ஸ்ங்கற பெரிய நாய் ஷோவுல ரெண்டு நிகழ்ச்சிக்கு நடுவுல ஜனங்க எந்திரிச்சுப் போகாம இருக்க, குதிரை ஜம்பிங்கப் பார்த்து ஆரம்பிச்ச விளையாட்டு இந்த அஜிலிட்டி. ரெண்டே வருஷத்துல அங்க கென்னல் கிளப் அங்கீகாரம் குடுத்துடுச்சு. இங்க நான் போன பல ஷோவுல இன்னும் அந்த இடைவேளை ஐட்டம்தான், காலைல எட்டுக்குன்னு போட்டு மத்தியானம் ஒரு மணி வெயில்ல கூப்பிடுறாங்க, அழகுப் போட்டி நாய்க்கெல்லாம் ஷாமியானா, இதுங்களுக்கு மொட்டைத் தரை. தரை சுடுதான்னு உங்க உள்ளங்கைய வெச்சுப் பாருங்க, சுட்டா என்ட்ரி ஃபீஸ் போனாலும் பரவால்ல, வண்டியில ஏத்திட்டு வந்துடுங்க.

5,000 ரூபாய வாட்ஸ்அப்ல கேளுங்க, போன்ல வேண்டாம், போன்ல அவர் உங்கள கரைச்சிடுவார். "டாக்டர் 18 மாசம் வரைக்கும் குதிக்கக்கூடாதுன்னுட்டார், அட்வான்ஸ திருப்பி அனுப்புங்க"ன்னு ஒரே மெசேஜ். அத அனுப்புறதுக்கு முன்னாடி நிஜமாவே ஒரு தடவ வெட்னரி டாக்டர்கிட்ட இடுப்பு, முட்டி காட்டிட்டு வந்துடுங்க. அப்படியே உங்க முட்டியையும் யார்கிட்டயாவது காட்டுங்க மேடம்.