கிளிசரின் சவர சோப்பு: கேள்விகளும் பதில்களும்

பிரஷும் கிண்ணமும் வைத்து மழிக்கிறவர்கள் கிளிசரின் சோப்புகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அறிவித்திருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. பல வருடங்களாகச் சோப்பு காய்ச்சுகிறேன்; அதைவிட அதிக வருடங்களாக முகத்தை வெட்டிக்கொள்கிறேன். என் தகுதி அவ்வளவுதான்.

புதுக்கை: சோப்பு கண்ணாடி போல இருந்தால் அதில் கிளிசரின் அதிகம் என்று பொருளா?

இல்லை. கொழுப்பும் காரமும் சேரும்போது சோப்பும் கிளிசரினும் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறக்கின்றன. கொழுப்பின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கிளிசரின் கிடைக்கும். பெரிய ஆலைகள் பெரும்பாலும் உப்பைக் கலந்து அதைப் பிரித்து எடுத்துவிடும். வீட்டில் காய்ச்சுகிறவர்கள் உள்ளேயே விட்டுவிடுவார்கள். ஆனால் வீட்டுச் சோப்பும் வெள்ளையாகத்தானே இருக்கிறது? சோப்பு இறுகும்போது உருவாகும் படிகங்கள் ஒளியைச் சிதறடிப்பதுதான் காரணம். ஆல்கஹால், சர்க்கரைக் கரைசல், சார்பிட்டால், புரொப்பிலீன் கிளைகால், கூடுதல் கிளிசரின் ஆகியவற்றில் சிலவற்றைக் கலந்தால் படிகங்கள் பெரிதாக வளராது. ஒளி ஊடுருவும். அவ்வளவுதான் மாயம். இப்படி உருக்கி வார்த்த கட்டிகளைத்தான் 'கிளிசரின் சோப்பு' என்கிறோம். கர்னல் காங்க் இந்த வகையில் பழகிய பெயர். எதிர்க்கரையில் நிற்பது மிட்செல்ஸ் வுல் ஃபேட் போன்ற, விலங்குக் கொழுப்பில் செய்த கெட்டிச் சோப்பு.

அவசரக்காரன்: இரண்டு நிமிடத்தில் நுரை மலைபோல எழுகிறது. ஒரு கன்னத்தை மழித்து முடிப்பதற்குள் மறு கன்னத்தில் ஒன்றுமே இல்லை. சோப்பு மட்டமா?

சோப்பைத் திட்டும் முன் தண்ணீரைப் பாருங்கள். இதை இன்னும் நாலு முறையாவது சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரியும்.

கிளிசரின் சோப்பு எளிதில் கரையும். பிரஷ் பட்டதும் நுரைத்துவிடும். நாம் ஏமாந்து சோப்பு போதும் என்று நினைத்துவிடுவோம். அந்த நுரையைக் கிள்ளி எடுத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். சடசடவென்று குமிழ்கள் வெடிக்கும் சத்தம் கேட்டால் உள்ளே இருப்பது காற்றும் நீரும்தான். பிரஷை நன்றாக உதறிவிட்டு, கட்டியின் மேல் முப்பது விநாடி சுழற்றுங்கள். நுனி மயிர்கள் பசை பூசியதுபோல ஒட்டிக்கொள்ள வேண்டும். பிறகு முகத்தில் குழைக்கும்போது சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேருங்கள். தயாரான நுரை கண்ணுக்குக் குமிழே தெரியாமல், தயிர் ஆடைபோலப் பளபளக்கும்.

அப்படியும் நுரை அமுங்கினால் கடின நீர்தான் குற்றவாளி. நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைத் திரளாகிவிடும். அந்த அளவுக்குச் சோப்பு வீண். ஒருமுறை காய்ச்சி வடித்த நீரில் குழைத்துப் பாருங்கள். நுரை நின்றால் விடை கிடைத்துவிட்டது. ஒரு லிட்டர் நீரில் ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் கலந்தும் சமாளிக்கலாம். சிட்டிகை என்றால் சிட்டிகைதான். அமிலம் கூடினால் அது சோப்பையே உடைத்துக் கொழுப்பு அமிலமாக்கிவிடும்.

குளிர்முகம்: எனக்கும் நுரை நிற்பதில்லை. வேறு சோப்பு மாற்றட்டுமா?

மேலே பாருங்கள். தண்ணீர்.

பட்டியல் பிரியர்: முதல் ஐந்து கிளிசரின் சோப்புகளை வரிசைப்படுத்துங்களேன்.

மாட்டேன். என் தண்ணீர் வேறு, உங்கள் தாடி வேறு. நீங்களே ஒப்பிடுங்கள்: ஒரே பிரஷ், ஒரே தண்ணீர், ஒரே பிளேடு, வலக் கன்னத்துக்கு ஒரு சோப்பு, இடக் கன்னத்துக்கு இன்னொன்று, மறுநாள் மாற்றிப் போடுங்கள். வாங்கும்போது உட்பொருள் பட்டியலின் முதல் சில பெயர்களைப் படியுங்கள். ஸ்டியரிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலமோ, அதன் பொட்டாசியம் உப்பான பொட்டாசியம் ஸ்டியரேட்டோ அங்கே இருந்தால் நுரை கெட்டியாக நிற்க வாய்ப்பு அதிகம். சோடியம் உப்புகள் மட்டும் என்றால் குளியல் சோப்பின் தம்பியாக இருக்கலாம்.

எண்ணெய்க் கொப்பரை: மன்னிக்கவும், ஐயா. தேங்காய் எண்ணெயிலும் விளக்கெண்ணெயிலும் நானே காய்ச்சுகிறேன். என் சோப்பில்தான் இயற்கையான கிளிசரின் முழுதாக இருக்கிறது. நீங்கள் சொல்லும் உருக்கி வார்த்த கட்டி பாதி டிடர்ஜென்ட்.

சில கட்டிகளில் சோடியம் லாரெத் சல்ஃபேட் என்ற டிடர்ஜென்ட் இருப்பது உண்மை. எல்லாவற்றிலும் இல்லை. அதற்காகத்தான் பட்டியலைப் படிக்கச் சொன்னேன். தேங்காய் எண்ணெய் விஷயத்துக்கு வருவோம். அதில் லாரிக் அமிலம் மிகுதி. குமிழ் பெரிதாக, வேகமாக எழும். அதே வேகத்தில் அமுங்கும். சிலருக்குத் தோலையும் வறட்டும். காரமாகச் சோடியம் ஹைட்ராக்சைடு மட்டும்தானா, பொட்டாசியமும் சேர்க்கிறீர்களா?

எண்ணெய்க் கொப்பரை: சோடியம் மட்டும்தான். நுரை நிறைய வருகிறதே, அது போதாதா?

போதாது. நுரையின் உயரம் கத்திக்குத் தெரியாது. பிளேடுக்கும் தோலுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய படலம்தான் வேலை செய்கிறது. ஒரு வீச்சு மழித்ததும் நுரை போன இடத்தில் ஈர விரலால் தடவிப் பாருங்கள். விரல் இன்னும் வழுக்கினால் நல்ல சோப்பு. தோலைப் பிடித்து இழுத்தால் நுரை எவ்வளவு எழுந்து என்ன பயன்? சுமாரான நுரை தரும் கிளிசரின் கட்டிகள் பல இந்தச் சோதனையில் தேறிவிடும். நான் அவற்றைக் கைவிடாததற்கு இதுவே காரணம்.

வெண்கட்டி: குறுக்கிடுகிறேன். நான் எண்ணெய்க்குப் பதில் ஸ்டியரிக் அமிலத்தை நேரடியாகக் காரத்தோடு சேர்த்துச் செய்கிறேன். கிளிசரின் எதுவும் கலப்பதில்லை. நுரை அற்புதம். கிளிசரின் தேவையே இல்லையோ?

அருமையான கேள்வி, கொப்பரைக்காரரும் கவனிக்கட்டும். கிளிசரின் பிறப்பது எண்ணெய் உடையும்போதுதான். கொழுப்பு அமிலத்தை நேரடியாகச் சேர்த்தால் அதிலிருந்து கிளிசரின் ஒரு துளியும் வராது. ஆக, கையால் காய்ச்சியது என்பதாலேயே கிளிசரின் உள்ளே இருந்துவிடாது. ஆனால் ஒன்று கேட்கிறேன்: மழித்துக்கொண்டிருக்கும்போதே தாடை ஓரத்தில் நுரை காய்ந்து பொருக்குத் தட்டுகிறதா?

வெண்கட்டி: தட்டுகிறது. மின்விசிறியால் என்று நினைத்தேன்.

மின்விசிறிக்கும் பங்குண்டு. ஈரத்தைப் பிடித்து வைப்பது கிளிசரினின் குணம். அடுத்த முறை சோப்பாகி முடிந்ததும் கொஞ்சம் கலந்து பாருங்கள். அளவு மிஞ்சினால் கட்டி இறுகாது.

எண்ணெய்க் கொப்பரை: அப்படியானால் 'கிளிசரின் சோப்பு' என்ற பெயரே பொருளற்றது என்று ஒப்புக்கொள்கிறீர்கள்!

ஒப்புக்கொள்கிறேன். வார்த்த கட்டி என்பதே சரியான பெயர். ஆனால் பழகிய பெயரை மாற்ற என்னால் ஆகாது. நீங்களும் பொட்டாசியம் சேர்த்துக் காய்ச்சிப் பாருங்கள். பிறகு சண்டை போடலாம்.

ஈரக்கை: என் சோப்பு வியர்க்கிறது. கெட்டுவிட்டதா?

இல்லை. அதே ஈரம் பிடிக்கும் குணம்தான். காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மேலே முத்து முத்தாகக் கோத்துக்கொள்கிறது. காற்றோட்டமாக வையுங்கள். ஈரக் கட்டியின் மேல் மூடியைப் போடாதீர்கள்.

துண்டு சேர்ப்பவர்: மிச்சத் துண்டுகளை உருக்கி ஒரே கட்டியாக்கலாமா?

வார்த்த கட்டிகளை ஆக்கலாம். மெல்லிய சூட்டில், மூடி வைத்து. கொதிக்கவிட்டால் ஈரம் போய் ரப்பர்போல ஆகிவிடும். கெட்டிச் சோப்பு இப்படி உருகாது. துருவிக் கிண்ணத்தில் அழுத்திக்கொள்ளுங்கள்.

களிமண்: பென்டொனைட் கலந்த சோப்பு பிளேடை மழுக்குமா?

எஃகு எங்கே, அந்தக் களிமண் எங்கே. கடினத்தை அளக்கும் மோஸ் அளவில் அது 2ஐத் தாண்டாது. பிரஷை மட்டும் நன்றாக அலசுங்கள்.

சிவந்த கழுத்து: எந்தச் சோப்பு போட்டாலும் கழுத்தில் கொப்புளம்.

முடி எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாக ஒரு முறை மட்டும் ஒரு வாரம் மழியுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போங்கள்.

மீசைக்காரன்: மீசைக்கு எந்தச் சாயம் நல்லது?

ஆளை மாற்றிக் கேட்கிறீர்கள்.

நுரைதேடி: ஐயா, நுரை சீக்கிரம் மறைந்துவிடுகிறது. எந்தச் சோப்பு வாங்கட்டும்?

எதையும் வாங்காதீர்கள். பிரஷை உதறுங்கள், முப்பது விநாடி சுழற்றுங்கள், காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை குழைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

நுரைதேடி: பார்த்தேன். நின்றது.

தண்ணீர்.