தினசரி கலோரி பட்ஜெட்: கேள்வி பதில்

உணவு ஆலோசனைதான் என் தொழில். கேள்விகள் வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், இன்சுலின் போடுபவர்கள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆகியோருக்கு நான் எண் தர மாட்டேன். உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.

புதியவள்: வயது 35, எடை 65 கிலோ, உயரம் 160 செ.மீ. உட்கார்ந்த வேலை, வாரத்தில் சில நாள் நடை. ஒரு நாளைக்கு எத்தனை கலோரி சாப்பிடலாம்?

1990-இல் வந்த மிஃப்ளின்-செயின்ட் ஜியோர் சூத்திரத்தைத்தான் நான் பயன்படுத்துகிறேன். எடையை 10-ஆலும் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். வயதை 5-ஆல் பெருக்கி அதிலிருந்து கழியுங்கள். பெண்கள் மேலும் 161 கழிக்க வேண்டும், ஆண்கள் 5 கூட்ட வேண்டும். உங்களுக்கு 650 + 1000 − 175 − 161 = 1,314. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடல் ஏறக்குறைய இவ்வளவு செலவழிக்கும். நடமாட்டம் குறைவு என்றால் இதை 1.2-ஆல் பெருக்க வேண்டும், உங்களைப் போல லேசான பயிற்சி இருந்தால் 1.375-ஆல். ஏறக்குறைய 1,800 வருகிறது. எடை குறைய வேண்டுமானால் 1,400 அல்லது 1,500-இல் தொடங்கலாம்.

ஆனால் இது மதிப்பீடுதான். ஒரே வயது, உயரம், எடை உள்ள இருவருக்குள்ளேயே செலவு வேறுபடும். மூன்று வாரம் கடைப்பிடித்துவிட்டு, வாரச் சராசரி எடையைப் பாருங்கள். நகரவே இல்லையா, 100 குறையுங்கள். சோர்வும் எரிச்சலுமாக இருக்கிறதா, 100 கூட்டுங்கள்.

பங்கிடும்போது முதலில் புரதத்துக்கு ஒதுக்குங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் கிலோவுக்கு 1.2 கிராம் வரை, அதாவது உங்களுக்கு 78 கிராம், 312 கலோரி. அப்புறம் காய்கறி, பழம். மிச்சத்தில் மாவுச்சத்தும் கொழுப்பும். பிடித்த பண்டத்துக்கும் 100, 150 கலோரி ஒதுக்கி வையுங்கள். அடியோடு தடை போட்ட பண்டம்தான் இரவு பத்து மணிக்கு முழுப் பொட்டலமாக உள்ளே போகிறது.

சமையல்கட்டு: எல்லாவற்றையும் தராசில் நிறுத்துத்தான் சாப்பிட வேண்டுமா?

வேண்டாம். கீரையையும் வெள்ளரியையும் நிறுத்து நேரத்தை வீணாக்காதீர்கள். எண்ணெயை அளங்கள். புரதத்திலும் மாவுச்சத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கிட்டத்தட்ட 120 கலோரி. கண்ணளவில் ஊற்றும்போது ஒன்று எளிதில் இரண்டாகிவிடும், தட்டில் எந்த வித்தியாசமும் தெரியாது. கொட்டைகள், வெண்ணெய், சர்க்கரை போட்ட பானங்கள் ஆகியவற்றையும் அளங்கள்.

குழப்பம்: அரிசியைப் பச்சையாக நிறுப்பதா, வெந்த பிறகா?

எப்படி வேண்டுமானாலும். பச்சை அரிசி எடைக்குப் பச்சை அரிசியின் கலோரி (100 கிராமுக்குச் சுமார் 360), சோற்று எடைக்குச் சோற்றின் கலோரி (சுமார் 130). இரண்டையும் மாற்றிப் போட்டால் கணக்கு மூன்று மடங்கு பிசகும்.

உயரமானவன்: ஆண், வயது 30, 80 கிலோ, 172 செ.மீ. எனக்கு எத்தனை?

முதல் பதிலில் உள்ள அதே சூத்திரம்தான். உங்களுக்கு 1,730, நடமாட்டம் குறைவென்றால் 1.2-ஆல் பெருக்க 2,076. அடுத்து வருபவர்கள் தயவுசெய்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

கொழுப்பு நல்லது: கலோரிக் கணக்கே ஏமாற்று. எல்லாம் இன்சுலின்தான். மாவுச்சத்தை நிறுத்தினால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்.

கணக்குப்பிள்ளை: தப்பு. 1,500 என்றால் 1,500. அதை பிஸ்கட்டாகவே சாப்பிட்டாலும் ஒன்றுதான்.

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இந்த இரண்டில் ஒன்றை நம்பித்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

உள்ளே வரும் ஆற்றலுக்கும் செலவாகும் ஆற்றலுக்கும் உள்ள வித்தியாசம்தான் உடல் கொழுப்பைக் கூட்டுகிறது, குறைக்கிறது. இன்சுலின் அதை ரத்து செய்வதில்லை. மாவுச்சத்தை நிறுத்தியதும் முதல் வாரத்தில் மளமளவென்று எடை இறங்குவது பெரும்பாலும் நீர். உடல் சேமித்து வைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 3 கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கும், அது தீரும்போது நீரும் போகிறது. அதற்குப் பிறகும் எடை இறங்குகிறது என்றால் நீங்கள் குறைவாகச் சாப்பிடுகிறீர்கள் என்றுதான் பொருள். அந்த முறையில் உங்களுக்குப் பசி அடங்கினால் தொடருங்கள், நான் தடுக்கவில்லை. "எவ்வளவு வேண்டுமானாலும்" என்பது மட்டும் பொய்.

கணக்குப்பிள்ளைக்கு: தாளில் உங்கள் கணக்கு சரி. ஆனால் சாப்பிடுவது பசிக்கிற மனிதர். 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு 20 பேரை உள்ளேயே தங்கவைத்து ஓர் ஆய்வு செய்தது. இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவு. பரிமாறிய கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து இரண்டிலும் ஏறக்குறைய சமம், வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கொடுத்த வாரங்களில் அதே மனிதர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். யாரும் அவர்களைத் தூண்டவில்லை. பிஸ்கட்டில் 1,500 கலோரியை முடித்தவர் மாலையில் என்ன பாடுபடுவார் என்று யோசியுங்கள். போதாததற்கு, புரதத்தின் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரிக்கவே செலவாகிவிடும், கொழுப்பில் அது மிகக் குறைவு.

கொழுப்பு நல்லது: லேபிளில் போட்ட எண்ணே தப்பு என்கிறார்களே, பாதாமில்கூட. பிறகு எதற்குக் கணக்கு?

பாதாம் விஷயம் உண்மை. 2012-இல் வந்த ஆய்வின்படி 28 கிராம் முழுப் பாதாமிலிருந்து உடல் எடுத்துக்கொள்வது 129 கலோரிதான், வழக்கமான கணக்கில் அது 170-ஐ நெருங்கும். கொழுப்பில் ஒரு பகுதி செல் சுவருக்குள்ளேயே மாட்டிக்கொண்டு செரிக்காமல் வெளியேறுகிறது. ஆனால் பெரிய பிழை லேபிளில் இல்லை, நம் நினைவில் இருக்கிறது. எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை 1992-இல் அளந்து பார்த்தபோது, சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, கவனிக்கவில்லை. எழுதி வைப்பது அதற்குத்தான். எண்ணெயை அளப்பதும் அதற்குத்தான்.

கணக்குப்பிள்ளை: ஆக மொத்தம் நான் சொன்னதுதானே சரி?

பாதி. இந்த விவாதத்தை இத்துடன் முடிக்கிறேன், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஓட்டக்காரன்: 400 கலோரி எரித்ததாக என் கைக்கடிகாரம் காட்டினால் அதைத் திரும்பச் சாப்பிடலாமா?

வேண்டாம். 2017-இல் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, கலோரி விஷயத்தில் இருப்பதிலேயே துல்லியமானதுகூட சராசரியாக 27 சதவீதம் பிசகியது. தவிர, 1.375 என்று பெருக்கியபோதே பயிற்சியைச் சேர்த்துவிட்டீர்கள்.

நாற்பதைத் தாண்டியவள்: வயதானால் மெட்டபாலிசம் படுத்துவிடுமாமே?

அறுபது வரைக்கும் அப்படி இல்லை. 2021-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் அளவீடுகளைத் தொகுத்ததில், உடல் அளவைச் சரிக்கட்டிப் பார்த்தால், 20 முதல் 60 வயது வரை செலவு ஏறக்குறைய ஒரே நிலையில்தான் இருந்தது. குறைந்திருப்பது உங்கள் நடமாட்டமாகவோ தசையாகவோ இருக்கலாம்.

அவசரம்: ஒரு நிகழ்ச்சி வருகிறது. இரண்டு வாரத்துக்கு 800 கலோரி?

கூடாது. அவ்வளவு குறைந்த உணவு மருத்துவக் கண்காணிப்பில் மட்டும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1945-இல் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான இளைஞர்களுக்கு ஆறு மாதம் சுமார் 1,570 கலோரி கொடுத்தார். அதற்கே சோர்வு, மனச்சோர்வு, எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. நீங்கள் அதில் பாதியைக் கேட்கிறீர்கள்.

ஒரு தாய்: 15 வயது மகள் ஆப்பில் கலோரி எழுதுகிறாள். சாப்பாட்டைத் தவிர்க்கிறாள், எங்களோடு உட்காருவதில்லை.

மருத்துவரிடம் இந்த வாரமே அழைத்துப் போங்கள். நீங்கள் சொல்வது உணவுக் கோளாறின் தொடக்கமாக இருக்கலாம், சீக்கிரம் பார்த்தால் குணமாக நல்ல வாய்ப்பு உண்டு. திட்டாதீர்கள், எடையைப் பற்றிப் பேசாதீர்கள். அவளுக்குக் கலோரிக் கணக்கு வேண்டவே வேண்டாம்.

பதற்றம்: நேற்று விருந்து, இன்று ஒரு கிலோ கூடிவிட்டது.

ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி உபரி வேண்டும். அத்தனை சாப்பிட்டீர்களா? உப்பும் நீரும்தான். வழக்கம்போலச் சாப்பிடுங்கள், பட்டினி வேண்டாம்.

இளைஞன்: வயது 28, 70 கிலோ. எனக்கு எத்தனை கலோரி?

முதல் பதில்.

கூட்டுக்குடும்பம்: எல்லோருக்கும் ஒரே பானையில் சமைக்கிறோம். என் பங்கை எப்படிக் கணக்கிடுவது?

நல்ல கேள்வி, பலர் இங்கேதான் கைவிடுகிறார்கள். காலிப் பாத்திரத்தின் எடையை ஒருமுறை குறித்து வையுங்கள். உள்ளே போகிற பொருள்களின் கலோரியைக் கூட்டுங்கள், எண்ணெயை ஊற்றுவதற்கு முன்பே அளந்து. சமைத்து முடிந்ததும் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திர எடையைக் கழியுங்கள். மொத்தம் 1,600 கலோரி, உணவு 2,000 கிராம் என்றால், 100 கிராமுக்கு 80. உங்கள் தட்டில் 250 கிராம் விழுந்தால் 200 கலோரி. அடிக்கடி சமைப்பவற்றை ஒருமுறை இப்படிப் போட்டு ஒரு தாளில் எழுதி அடுப்படியில் ஒட்டிவிட்டால், அடுத்த முறை தட்டை மட்டும் நிறுத்தால் போதும்.