எல்ஜின் பாக்கெட் வாட்ச்: பின்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

கேள்வி: பென்சில்வேனியாவில் ஒரு பழம்பொருள் சந்தையில் எல்ஜின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய பாக்கெட் வாட்ச் பார்த்தேன். 15 ஜுவல் (உராய்வைக் குறைக்க இயந்திரத்துக்குள் பதிக்கும் சின்னக் கற்கள்). பின்புறம் ரயில் எஞ்சின் செதுக்கியிருக்கிறது, மூடிக்குள் '20 ஆண்டு உத்தரவாதம்' என்ற முத்திரை. "சுத்தத் தங்கம், ரயில்வே வாட்ச்" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: வாங்கலாம். ஆனால் அவர் சொல்லும் இரண்டுமே சரியில்லை.

அந்த 20 ஆண்டு முத்திரையே இது சுத்தத் தங்கம் இல்லை என்று காட்டிவிடுகிறது. பித்தளை மேல் தங்கத் தகடு போர்த்திய கேஸ் (வெளிக்கூடு) அது. அத்தனை வருடம் தகடு தேயாது என்பதுதான் உத்தரவாதம்.

ரயில் எஞ்சின் வெறும் அலங்காரம். ரயில்வே வாட்ச் என்பது ரயில் ஊழியர்களுக்கான துல்லியமான வாட்ச். 1891இல் ஒஹாயோவின் கிப்டனில் ரயில்கள் மோதிய பிறகு, க்ளீவ்லாந்து நகைக்கடைக்காரர் வெப் பால் ரயில்வே வாட்ச்களைக் கண்காணிக்கும் பொறுப்பை ஏற்றார். அப்புறம் நிலைபெற்ற விதிகளின்படி குறைந்தது 17 ஜுவல் வேண்டும், டயலின் மேல் மூடி இருக்கக் கூடாது, வாரத்துக்கு 30 நொடிக்கு மேல் பிசகக் கூடாது. உங்கள் வாட்ச் முதல் விதியிலேயே தேறாது.

சரி, எதைப் பார்ப்பது? விற்பவரையே பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் இயந்திரத்தைச் செய்தவர் ஒருவர், கேஸ் செய்தவர் இன்னொருவர். வாடிக்கையாளர் இரண்டையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்க, நகைக்கடைக்காரர் பொருத்திக் கொடுப்பார். அதனால் கேஸில் உள்ள எண்ணை வைத்து வயது கணிக்க முடியாது. இயந்திரத் தகட்டில் பொறித்த எண்தான் கணக்கு. எல்ஜின், வால்தம், ஹாமில்டன் போன்ற வாட்ச் நிறுவனங்களின் எண் பட்டியல்கள் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். கேஸில் 'எல்ஜின்' என்று இருப்பதையும் நம்பிவிடாதீர்கள். எல்ஜின் என்பது ஊர்ப் பெயரும்தான்; இல்லினாய் வாட்ச் கேஸ் என்ற வேறொரு நிறுவனமும் அதே ஊரில்தான் இருந்தது.

இயந்திரத்தைக் கேஸோடு பிடித்திருக்கும் சின்னத் திருகாணிகளைக் கவனியுங்கள். கேஸின் விளிம்பில் அவை இல்லாத இடத்திலும் பழைய திருகுத் தடம் இருந்தால், வேறு இயந்திரத்தின் கேஸை மாட்டியிருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் இதற்குக் கணிசமாக விலை குறைப்பார்கள்.

எல்ஜின் கோடிக்கணக்கில் வாட்ச் செய்த நிறுவனம். சாதாரண 15 ஜுவல் அரிதல்ல, அதற்கேற்ற விலையே கொடுங்கள். வாட்ச்சை லேசாக அசைத்தால் பாலன்ஸ் சக்கரம் (முன்னும் பின்னும் ஆடி நேரத்தைச் சீராக்கும் சக்கரம்) தாராளமாக ஆட வேண்டும். தள்ளாடி நின்றால் அதன் அச்சு முறிந்திருக்கலாம், பழுது பார்க்கும் செலவு வாட்ச் விலையைத் தாண்டிவிடும். ஓடினாலும், சுத்தம் செய்து எண்ணெய் விடும்வரை தினமும் சாவி கொடுக்காதீர்கள்.